இன்சுலினை ஏலம் விட்ட நாள்

மருந்துக்கடைப் பையன் இன்சுலின் பேனாவை ஐஸ் பையோடு கொண்டுவந்து, கைபேசிக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். நான் நான்தான் என்று அவனுக்கு உறுதியாயிற்று. தொண்ணூறைத் தாண்டிய எனக்கும் அது ஓர் ஆறுதல்தான். பேனாவைக் குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழையதைக் கழற்றியபோது ஒரு சொட்டு விரலில் பட்டது. அந்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போதுதான் கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையின் வாசனை. எனக்கோ அதை முகர்ந்தால் தூத்துக்குடி சுங்க ஆபீசின் ஏலக் கொட்டகைதான் ஞாபகம் வரும்.

இரண்டாம் உலக யுத்த காலம். நான் அங்கே இளநிலை குமாஸ்தா. எங்கள் சூப்பிரண்டு நெல்லையப்ப பிள்ளை. மழை பெய்தால்கூட எந்த விதியின்கீழ் பெய்கிறது என்று கேட்பார் என்று ஊரில் சொல்வார்கள். அது அவதூறு. பெய்யாவிட்டால்தான் கேட்பார். (பிற்காலத்தில் என்னைப் பற்றியும் இதையே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, மறுப்பதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு, அதைத் தவறவிட்டுவிட்டேன்.)

பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய அண்ணனுக்கும் இருந்தது. இன்சுலின் இந்தப் பக்கம் வந்து சேராத காலம் அது. டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பட்டினி. அண்ணன் எலும்பாகிச் செத்ததைத் தம்பி பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால் இன்சுலின் வந்ததும் கேள்வி கேட்காமல் கையை நீட்டிவிட்டார். காலையில் கண்ணாடி சிரிஞ்சைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டி, திருநீறு பூசி, பிறகு குத்திக்கொள்வார். கணையம் என்ற உறுப்பை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்து அந்த மருந்தைச் செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். முட்டை விற்கிறவன் தெருவில் வந்தாலே வாசலைக் கழுவச் சொல்கிற சைவர் அவர்.

"மாடுன்னா உமக்கு ஆகாது, பன்னின்னா எனக்கு ஆகாது. ரெண்டும் வேண்டாம்னா மவுத்துதான். போட்டுக்கிடும் பிள்ளைவாள்" என்று சொன்னவர் அவருடைய சிநேகிதர் மூசா மரைக்காயர். காயல்பட்டினத்துக்காரர், சரக்கு ஏஜெண்டு. அவருடைய தம்பிக்குக் கொழும்பில் கடை.

யுத்தத்தில் மருந்துக் கப்பல்கள் வருவது அரிதாயிற்று. மதுரையிலும் சென்னையிலும் கைவிரித்துவிட்டார்கள். பிள்ளையின் கடைசிப் புட்டியும் தீர்ந்தது. இரண்டே நாளில் ஆள் பானை பானையாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். மூச்சில் கனிந்த பழ வாசனை வந்தது. அதன் அர்த்தம் அவருக்கே நன்றாகத் தெரியும். அண்ணனிடம் முகர்ந்த வாசனை.

மரைக்காயர் கொழும்புத் தம்பிக்குத் தந்தி கொடுத்தார். மூன்றாம் நாள் காலைக் கப்பலில் கொழும்பிலிருந்து ஒரு பிளாஸ்க் வந்தது. உள்ளே ஐஸும் ஆறு புட்டி இன்சுலினும். வாய் அரக்கு வைத்து மூடியிருந்தது. எல்லாம் சரி. ஆனால் கொழும்புத் தம்பி மரியாதைக்காக மேலே பிள்ளையின் பெயரை எழுதித் தொலைத்திருந்தார்.

தன் பெயருக்கு வந்த சரக்கை ஓர் அதிகாரி தானே விடுவிக்கக்கூடாது. விடுவிக்கக்கூடிய வெள்ளைக்கார மேலதிகாரி தனுஷ்கோடி முகாமில் இருந்தார். கிடங்கோ தகரக் கூரை. ஐஸும் பிள்ளையும் மாலைவரை தாங்கினால் அதிசயம்.

"நான் பாக்கலைன்னு வச்சுக்கிடுதேன், எடுத்துட்டுப் போங்க ஐயா" என்றேன்.

"பாக்காம இருக்கதுக்கா ஒனக்குச் சம்பளம்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு செம்பு தண்ணீர் குடித்தார்.

பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். பெயருக்கு உரியவர் சரக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அது சர்க்கார் சொத்து. அழுகக்கூடிய சர்க்கார் சொத்தை உடனே ஏலம் விடலாம். வெங்காயம், கருவாட்டுக்கு உள்ள விதி. மரைக்காயர் ஏலத்தில் எடுத்தால், பிறகு அது உள்ளூர்ச் சரக்கு. சிநேகிதருக்கு விலைக்குக் கொடுத்துவிடலாம். பிள்ளை தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் ஏலம். கூவ வேண்டியவன் நான்.

இங்கேதான் எங்கள் ஊரின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் சிப்பியைத் திறக்காமல், குவியல் குவியலாகத்தான் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று கடவுளுக்கும் தெரியாது. ஆகவே ஏலம் கேட்பவர்கள் சிப்பியைப் பார்ப்பதில்லை; எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் தவித்தால் விலையை ஏற்றுவார்கள். கடலில் சிப்பி அற்றுப்போய் முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியும், அந்த அரிப்பு நிற்கவில்லை. புன்னைக்காயல் வியாபாரி லாசர் பர்னாந்து அதற்காகவே சுங்க ஏலம் ஒன்றுவிடாமல் வருவார்.

நான் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி, "மருந்து" என்று உரக்கச் சொன்னேன். சுங்க ஆபீசில் உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

மரைக்காயர் முதல் விலை கேட்டார். லாசர் பிளாஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரைக்காயரைப் பார்த்தார். மரைக்காயர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அதோடு போயிற்று.

"வெறும் மருந்துக்கா மரைக்காயர் இப்படி வேர்க்காரு? உள்ளே என்னமோ கெடக்குலே" என்று சொல்லி லாசர் விலையை இரட்டித்தார்.

"ஏய் லாசரு, இது மருந்துதான், சத்தியமா. விட்டுரும்."

"சத்தியம் வேற பண்ணுதாரு. இன்னும் அஞ்சு ரூவா."

மரைக்காயர் எவ்வளவுக்கெவ்வளவு கெஞ்சினாரோ அவ்வளவுக்கு விலை ஏறியது. ஓரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த பிள்ளை வாயே திறக்கவில்லை. ஏலத்தில் அதிகாரி குறுக்கிடக்கூடாது. மரைக்காயர் கையில் இருந்த பணம் தீர்ந்தது. கடன் சொல்ல விதியில் இடமில்லை. மூன்று தரம் சொல்லி லாசருக்கு மணியடித்தேன். என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்.

லாசர் அரக்கை உடைத்துப் பிளாஸ்க்கைக் கவிழ்த்தார். உருகிய ஐஸ் தண்ணீரோடு ஆறு சின்னப் புட்டிகள் உள்ளங்கையில் விழுந்தன. ஒன்றின் மூடி கசிந்திருந்தது. முகர்ந்து பார்த்தார்; எனக்கும் வந்தது. அந்த வாசனை.

"மருந்துதான் போலருக்கு" என்றார். முகம் சுளிக்கவில்லை. வெறும் சிப்பியைத் திட்டுகிறவன் மறு ஏலத்தில் நிற்கக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. "இது யாருக்குவே?"

மரைக்காயர் பிள்ளையைக் காட்டினார்.

லாசர் நேராகப் போய் நீட்டினார். "பிடியும் அண்ணாச்சி."

"வியாபாரிகிட்ட ஓசி வாங்கப்படாது."

"அப்பம் துட்டைக் குடும்."

"நான் விட்ட ஏலச் சரக்கை நானே வெலைக்கு வாங்கப்படாது. மரைக்காயர் பேர்ல ஏலம் முடிஞ்சிருந்தா, அவரு வேற ஆளு, சிநேகிதன்னு யோசிக்கலாம்னு இருந்தேன். இப்பம் யோசிச்சா அதுவும் தப்புதான்."

லாசர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "சாவுறதுக்காவது விதி உண்டுமா?"

"லீவு விதியில இருக்கு. முன் அனுமதி வேண்டியதில்லை."

சொல்லும்போதே பிள்ளைக்குத் தலை தொங்கியது. லாசர் புட்டிகளைப் பிளாஸ்க்கில் போட்டார். "நான் இதைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தருமம் பண்ணுதேன். வாரவனுக்கு டாக்டர் போடட்டும். நோயாளியா ஆஸ்பத்திரிக்குப் போக ஒமக்கு விதி இருக்கா, இல்லை அதுக்கும் தனுஷ்கோடிக்கு எழுதிப் போடணுமா?"

பிள்ளை கண்ணை மூடி, எல்லா விதிகளையும் மனதுக்குள் ஒருமுறை புரட்டினார் என்றே நினைக்கிறேன். "போலாம்" என்றார். நானும் மரைக்காயரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜட்கா வண்டியில் ஏற்றினோம். லாசர் மடியில் பிளாஸ்க்கோடு முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளை சீட்டு வாங்கி வரிசையில் நிற்பேன் என்று அடம்பிடித்தார். கால் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தோம்; டாக்டர் ஊசி போட்டார்.

ஒரு வாரத்தில் பிள்ளை ஆபீசுக்குத் திரும்பினார். லாசரிடம் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அதற்கும் ஏதாவது தடை இருந்திருக்கும்.

அடுத்த மாத ஏலத்தில் அரக்கு வைத்த பெட்டி ஒன்று வந்தது. உள்ளே கடல்நீரில் ஊறிப் பாழான சாயப்பொடி என்பது எனக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரியும். லாசர் ஆவேசமாக விலை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து பிள்ளை இருமினார். ஒரே ஒரு தரம். லாசர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

நான் மணியைப் பிடித்தபடி நின்றேன். பிள்ளைக்கு இருமல் வியாதி கிடையாது.

அந்தக் கொழும்புக் கப்பல் இப்போது இல்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். கடலில் அந்த மாதிரிச் சிப்பியும் இல்லை, சாணைக்கல்லில் ஊசி தீட்டுகிறவரும் இல்லை. சுங்க ஏலம் கணினியில் நடக்கிறது என்று பேத்தி காட்டினாள். மிகவும் ஒழுங்கான முறை. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. யார் வேர்த்தாலும் தெரியாது, யார் இருமினாலும் கேட்காது.