பிந்திச் சொன்ன காலை வணக்கம்

என் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி வாழ்ந்த றோசலின் ரீச்சர் காலமான செய்தி, நெல்லியடியில் இருக்கும் எனக்கு ஜேர்மனியிலிருந்துதான் வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நேரம் மகள் கோகிலா தொலைபேசியில் அழுதாள்.

"அப்பா, ரீச்சர் மோசம் போயிட்டா."

"அதுக்கு நீ ஏன் அழுகிறாய்?"

"நான் அவவிட்டைப் படிச்சனான் அப்பா. லைபிரரிக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு அங்கைதான் போனனான்."

ஜேர்மனியிலுள்ள கணவனிடம் போக, பெண்கள் அந்த மொழியில் ஒரு பரீட்சை சித்தியடைய வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு முதலில் வகுப்பு வைத்தவன் நான். ஓர் அகராதி, ஓர் இலக்கணப் புத்தகம். ஒருவரிடமும் போகாமல் நானே படித்த மொழி. கரும்பலகையில் அட்டவணை, கொப்பியில் அட்டவணை, பிறகு மனப்பாடம். கையில் எப்போதும் கோடு போடும் அடிமட்டம்.

ரீச்சர் ஜேர்மனியில் முதியோர் இல்லமொன்றில் நெடுங்காலம் வேலை செய்து திரும்பியவர். வீட்டு விறாந்தையில் வகுப்புத் தொடங்கினார். ஒரு மாதத்தில் என் வகுப்பின் வாங்குகள் பாதி வெறுமையாகின. ஒருநாள் போய்ப் பார்த்தேன். பெண்கள் தக்காளியும் வெங்காயமும் வைத்துக்கொண்டு ஜேர்மனில் பேரம் பேசிச் சிரித்தார்கள். அத்தனையும் பிழை. ஒரு கொப்பிகூட இல்லை.

"ரீச்சர், இது வகுப்போ சந்தையோ?"

"சந்தைதான் அண்ணை. அங்கை போனால் பிள்ளையள் மூண்டாம் நாள் கடைக்குப் போகவேணுமெல்லே? வாங்கோ, நீங்கள் விசா ஒபிசராய் நில்லுங்கோ. உங்கடை முகத்துக்கு வேஷம் தேவையில்லை."

அதன்பின் நான் அந்தப் படி ஏறவில்லை.

அவரோ தினமும் காலையில் சைக்கிளில் என் வீட்டு வாசல் படலையைத் தாண்டும்போது, "கூட்டன் மோர்கன், அண்ணை!" என்று ஜேர்மனில் காலை வணக்கம் சொல்வார். நான் "வணக்கம்" என்று தமிழிலேயே சொல்வேன். திமிர் என்றார்கள். உண்மை வேறு. அந்த மொழியில் உயிருள்ள ஒருவரோடு நான் ஒருநாளும் பேசியதில்லை. வருடக்கணக்காகத் தனியே இருந்து நான் சேர்த்தது அவர் வாயில் வெற்றிலைபோல் மெல்லப்பட்டது. இந்த அஞ்சலியில் பொய் எழுதக் கூடாது. அவர்மேல் எனக்குப் பொறாமை.

கோகிலா எழுத்தில் நல்ல புள்ளி எடுத்தும், பேச்சில் இரண்டு தடவை தவறினாள். மருமகன் அங்கே காத்திருந்தார். மூன்றாம் முறை சித்தியடைந்தாள். என் அட்டவணைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன். ரீச்சர் படலையில் சைக்கிளை நிறுத்தி, "வாழ்த்துக்கள் அண்ணை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"நான் செய்யாத என்னத்தை அவ செய்தவ?" என்று தொலைபேசியில் மகளிடம் கேட்டேன்.

"உங்களை மாதிரி நடிச்சவ அப்பா. அடிமட்டத்தாலை மேசையிலை தட்டித் தட்டிக் கேள்வி கேட்டவ. 'உன்ரை கொப்பருக்குப் பதில் சொல்லிப் பழகு, பிறகு ஒருத்தருக்கும் பயப்பிடமாட்டாய்' எண்டவ. முதல்நாள் அழுதனான். பிறகு சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சனான்."

சோறு ஆறிப்போனது.

அட்டவணை இல்லாமல் அந்த மொழி நிற்காது. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் என் பிள்ளையின் வாயை அடைத்தது என் அடிமட்டம்; திறந்தவர் அவர்.

அடக்க ஆராதனைக்குத் தேவாலயம் நிறைந்திருந்தது. என் செத்தவீட்டுக்கு இதில் காற்பங்கு வருமா என்று நினைத்தேன். பெட்டியருகே குனிந்து, "கூட்டன் மோர்கன், ரீச்சர்" என்றேன்.

பக்கத்தில் நின்ற அவருடைய மாணவி மெல்லச் சொன்னாள்: "ஐயா, இப்ப பின்னேரமெல்லே?"

"தெரியும் பிள்ளை. அவ காலமை சொன்னதுக்கு மறுமொழி இது."