பத்து மணி என்றால் யாருடைய பத்து மணி?

எங்கள் வீடு அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில். என் மகள் ஆன்சி, கடல் உயிரியல் மேற்படிப்புக்காகத் தாய்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். காலை பத்து மணிக்கு ஆன்லைனில் நேர்காணல் என்று மெயில் வந்தது.

"அவங்க டைம் வேற இருக்குமோ?" என்று கேட்டேன். படகு இன்ஜின் மெக்கானிக்கான என் கணவர் சிரித்தார்.

"அரே, மெயின்லேண்டைவிட தாய்லாந்துதான் நமக்குப் பக்கம். சூரியன் ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே உதிக்குது? டைம் மட்டும் எப்படி மாறும்?"

கடலில் திரிகிறவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

வீட்டில் நெட் சரியாக வராது. அதனால் அக்கரையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக முடிவு செய்தோம். கணவருக்கு அன்று அந்தப் பக்கம் வேலை இருந்ததால், அவரோடு சீக்கிரமே ஃபெரி ஏறினோம். தங்கை வீட்டில் எட்டரை மணிக்கு, படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க ஆன்சி லேப்டாப்பில் நேர்காணல் லிங்க்கைத் திறந்தாள். அங்கே மூன்று பேராசிரியர்கள் காத்திருந்தார்கள்! பாவம், அவள் தலைகூடப் பின்னியிருக்கவில்லை. சமாளித்துப் பதில் சொல்லி முடித்தவள், ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டாள். அவர்கள் சிரித்துவிட்டார்கள். சரியாகப் பத்து மணிக்குத்தான் வந்தார்களாம், அவர்கள் ஊர்ப் பத்து மணிக்கு! அடுத்த ஃபெரிக்கு நின்றிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

இப்போது ஆன்சி அங்கேதான் படிக்கிறாள். சமையலறையில் தாய்லாந்து நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்க்காமல் போனைத் தொடுவதில்லை. என் கணவர் மட்டும் இன்னமும் சூரியனைப் பார்த்தே கூப்பிடுகிறார். "அப்பா, கிளாஸ்ல இருக்கேன்!" என்று அவள் கிசுகிசுப்பது அடுப்படிவரை கேட்கிறது.