ரிக்கற் அறையில் குடியிருந்தவர்

சிலாவத்துறையில் வேலை முடிந்து முருங்கன் பக்கமாக நடந்தபோது, பழைய ரயில் நிலையமொன்றில் ஒதுங்கினேன். அதன் தண்டவாளங்களை யுத்தத்தில் பங்கர் கட்டக் கழற்றிவிட்டார்கள். மீளக்குடியேறிய ஒருவர் பயணிகளுக்கு ரிக்கற் கொடுத்த அறைக்கு ஓலை வேய்ந்து குடும்பத்தோடு இருந்தார். மெலிந்தவர், கையில் எந்நேரமும் விளக்குமாறு. மேடையில் ஏறிய தன் ஆட்டை விரட்டினார்.

“சனம் இறங்கிற இடம்.”

“இருபது வருசமா ஆர் அண்ணை இறங்கினது?”

“இனி இறங்கும். ரயில் பாதை போடப் பத்தைக் காடு வெட்ட நாளைக்கு ஆள் எடுக்கினம். நீங்களும் வேலைக்குப் போங்கோ தம்பி.”

“ரயில் வந்தால் உங்களை இஞ்சயிருந்து எழுப்பிப் போடுவாங்களே?”

“ஓம், எழுப்பத்தான் வேணும். நாங்கள் இதுக்குள்ள சமைச்சுக்கொண்டிருந்தால் சனம் எங்க ரிக்கற் எடுக்கிறது?”

வேறு வீடு கிடைத்ததா என்று கேட்டேன்.

“இன்னும் இல்லை” என்றார், கூட்டியபடியே.

மறுநாள் காலை பத்தை வெட்டப் போனேன். அவர் வாசலிலிருந்துதான் தொடங்கச் சொன்னார்கள். கத்தியும் அவர் தந்ததுதான்.