சிவகாசித் தாத்தாவின் சனிக்கிழமை

என்னைப் பார்ப்பதற்கு எங்கள் சிவகாசித் தாத்தா கோர்ட் ஆர்டர் வைத்திருந்தார். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, விருதுநகர் கோர்ட்டில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய அறையில். மூன்றாம் வகுப்பில் என்னோடு படித்த வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி நீதிபதி சொல்லித் தாத்தா வரவில்லை. அவர்கள் வீட்டுத் தாத்தாக்கள் சும்மா வந்து போனார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்கு மூன்று வயதிருக்கும்போது அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். பதினாறாம் நாள் விசேஷத்தில் யாரோ யாரையோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். சொன்னது யார், என்ன வார்த்தை என்பது இன்றுவரை இரண்டு குடும்பத்துக்கும் தெளிவாகத் தெரியாது. ஆனால் அதற்குக் கோபித்துக்கொண்டு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு விருதுநகரில் தன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். மகனும் போய்ப் பேத்தியும் போய்விட்டால் எப்படி என்று சிவகாசித் தாத்தா வக்கீலைப் பிடித்தார். விருதுநகர்த் தாத்தா அவரைவிட உயரமான வக்கீலைப் பிடித்தார். இப்படித்தான் எனக்கு ஆர்டர் வந்தது.

சிவகாசித் தாத்தா ஒரு காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்கித் தைக்கும் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு முறையும் அச்சில் நிறம் பிசகிக் கழித்துப் போட்ட படங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். நீல நிறப் பூனைக்குட்டிகள், பச்சைக் கன்னம் வைத்த குழந்தைகள். சிவகாசியில் பூனைகள் நீலமாகத்தான் இருக்கும் என்று நான் வகுப்பில் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஆவணி மாதம், ஒரு முறை அவர் வரவில்லை. சீசன் வேலை, லோடு போக வேண்டும், லீவு கிடைக்கவில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் கோர்ட் அம்மாள் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். இன்னொரு கோடு விழுந்தால் ஆர்டரையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்று எங்கள் வக்கீல் சொன்னாராம். விருதுநகர்த் தாத்தா அன்று இரண்டு காபி குடித்தார்.

அடுத்த மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டு வாசலில் இரண்டு தாத்தாக்களும் ஆளுக்கொரு காலண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து கோர்ட்டில் காத்திருந்து, அறை பூட்டியே கிடக்க, அம்மா வேண்டுமென்றே என்னைக் கூட்டி வரவில்லை என்று நினைத்து சிவகாசித் தாத்தா கொதித்துப் போயிருந்தார். ஊரை இரண்டு சுற்றுச் சுற்றித் தைரியம் சேர்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஆர்டரோடு முதல்முறையாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சனிக்கிழமை நாளைக்குத்தான் என்று விருதுநகர்த் தாத்தா ஆணியிலிருந்து கழற்றிய காலண்டரை நீட்டினார். நாங்களே தைக்கிற காலண்டரில் தப்பு வருமா என்று இவர் பையிலிருந்து எடுத்ததை நீட்டினார். இரண்டு பேரும் மற்றவர் காலண்டரைப் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன். சிவகாசித் தாத்தா கையில் இருந்தது அடுத்த வருஷத்துக் காலண்டர்.

காலண்டர் கம்பெனிக்காரர்களுக்கு ஆடியிலேயே அடுத்த வருஷம் பிறந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் தொங்குவதெல்லாம் அதன் மாதிரிகள்தான். அதில் இரண்டாம் சனிக்கிழமையின் தேதியைப் பார்த்து, அந்தத் தேதிக்கே லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். சீசனில் வெள்ளி ஏது, சனி ஏது, எல்லா நாளும் வேலை. அடுத்த வருஷம் சனிக்கிழமையாக வரும் தேதி இந்த வருஷம் வெள்ளிக்கிழமை, சரியாக ஒரு நாள் முந்தி வந்து நிற்கிறார்.

நான் வருஷத்தைக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிப்போனது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு எனக்கு லீவு இல்லையே, தாயி” என்றார்.

விருதுநகர்த் தாத்தா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் என்னவோ காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டப் போய், நெடுநேரம் மாட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது கோடு விழுந்துவிட்டால் எனக்குச் சிவகாசித் தாத்தா இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதினேன். அவர் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

ஆறு மணிக்கு அம்மா சூலக்கரையில் ஆபீஸ் முடிந்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். விருதுநகர்த் தாத்தா விஷயத்தைச் சொன்னார். அம்மா இரண்டு காலண்டரையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை. சுவரில் சாய்ந்து சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்ட்டீகளா, மாமா?” என்று கேட்டாள்.

அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அம்மா தோசை வார்த்தாள். ஐந்தாவது தோசைக்கு அவர் கையால் தட்டை மறைத்தபோது, “கூச்சப்படாம வச்சுக்கோங்க, சம்மந்தி” என்றார் விருதுநகர்த் தாத்தா. வழக்கு நடந்த மூன்று வருஷமும் அவர் வாயில் ‘அந்த ஆளு’ என்றுதான் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கோட்டைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை, நல்லபடியாகத்தான் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பத்து நாள் கழித்து விருதுநகர்த் தாத்தா போனில் யாரிடமோ பேசுவது காதில் விழுந்தது. சிவகாசிக்காரர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார், இனிமேல் பேத்தியைப் பார்க்க அவருக்கு ஆர்டர் எதுவும் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து தோசையைத் தின்றுவிட்டு என்னை எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிவகாசித் தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“என்னையப் பாக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீகளா?”

“ஆர்டர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன், தாயி” என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. எதை நம்புவது?

என்றாலும் எவ்வளவு நேரம்தான் பீரோவுக்குப் பின்னால் நிற்பது? வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் கண் கடிகாரத்திலேயே இருந்தது. பன்னிரண்டு அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஆர்டர் இருந்தபோதே பன்னிரண்டுக்கு மேல் ஒரு நிமிஷம் விடமாட்டார்கள். இப்போது அதுவும் இல்லையே, போலீஸ் வந்துவிட்டால்? ஓடிப்போய் அவருடைய பையை எடுத்து வந்து கையில் திணித்தேன்.

“நேரமாச்சு தாத்தா, கெளம்புங்க” என்று அவரை வாசல் பக்கம் தள்ளினேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அவருக்கும் சேர்த்து இலை போட்டாள். நான் வாசலுக்குப் போய் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.