கேதம் சொல்லும் குரல்

பாலவனத்தம் சதீஸ்குமாருக்கு ஆண்டவன் மற்ற எல்லாவற்றையும் தாராளமாகத்தான் அள்ளிக் கொடுத்திருந்தார். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், முறுக்கினால் காதைத் தொடுகிற மீசை, சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ. குரல் என்று வந்தபோதுதான் கையை இறுக்கிக்கொண்டார். ஆள் வாயைத் திறந்தால் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் "மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எவனாவது எதையாவது விற்கக் கூப்பிட்டு, வீட்டில் சார் இருக்கிறாரா மேடம் என்று கேட்டால், சார் வெளியூர் போயிருக்கிறார் என்று இவனே சொல்லி வைத்துவிடுவான். கூச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குரலை வைத்துத்தான் அவன் பிழைப்பே ஓடியது. ஆட்டோவின் தலையில் இரண்டு ஹாரன் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் திருச்சுழி வரைக்கும் இந்தப் பக்கம் மல்லாங்கிணறு வரைக்கும் விளம்பரம் சொல்லிப் போவான். ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, கண் சிகிச்சை முகாமா, நாளைக்குத் தண்ணீர் வராதா, எதுவானாலும் சதீஸ்குமார்தான். அந்தக் கீச்சுக்குரல் பஸ் சத்தத்தையும் தறிச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போகும். ஒவ்வொரு வரியின் கடைசியையும் மேலே தூக்கி ஒரு இழுப்பு இழுப்பான் பாருங்கள், வாங்க நினைக்காதவர்கள்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எதிர்வீட்டுச் சந்தனம்மாள் அத்தை வண்டியை நிறுத்தியே சொல்லுவாள், நீ சொன்னால்தான்யா எனக்கு எதையாவது வாங்கணும் என்றே தோணுது என்று.

அந்த அத்தை ஒரு நாள் காலையில், உட்கார்ந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்தப் பக்கம் யாராவது இறந்தால் கேதம் சொல்லவும் ஆட்டோதான் போகும். தெருத் தெருவாக மைக்கில் சொன்னால்தான் சொந்தபந்தம் சாயங்காலத்துக்குள் வந்து சேரும். சதீஸ்குமார் அதுவரை கேதம் சொன்னதே இல்லை. அப்படி வருகிற வேலையை அருப்புக்கோட்டையில் இன்னொரு ஆட்டோக்காரரிடம் தள்ளிவிடுவான். எதிர்வீட்டு அத்தைக்கு எப்படித் தள்ளுவது? அத்தையின் வீட்டுக்காரர் பால்சாமி, நீயே சொல்லிவிடு மருமகனே என்று கையைப் பிடித்துக் கேட்டார். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தான்.

பழக்கம் சும்மா விடுமா? அழுகையை அடக்கிக்கொண்டு பேசியதில் குரல் இன்னும் மேலே ஏறிப்போனது. "சந்தனம்மாள் அவர்கள்" என்று ஆரம்பித்தவனுக்கு, "காலமானார்" என்ற இடத்தில் வழக்கமான தூக்கலும் இழுப்பும் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற மாதிரி அது தெருவெல்லாம் கேட்டது. பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் டீக்கடை சிரித்தது. இறுதி ஊர்வலம் மாலை நாலு மணிக்கு என்றபோது, பந்தலுக்கு வந்திருந்தவர்களே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பால்சாமி தலையைத் தூக்கி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவர் சதீஸ்குமாரோடு பேசவில்லை. முன்பெல்லாம் டீ குடித்தாயா என்று கேட்காமல் வண்டியை விடமாட்டார். இப்போது ஆட்டோ வந்தால் ஆட்டுக்குட்டியைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொள்வார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவனுக்குச் சோறு இறங்கியிருக்கும். தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது அவனுக்கு ஒன்றும் புதுசில்லை. அத்தையின் சாவைக் கேட்டு ஊர் சிரித்ததுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வருசத் தெவசத்துக்கு அன்னதானம் போடுவார்கள், அதற்கும் மைக்கில் சொல்லுவார்கள். அதையாவது தன் வாயால், ஒருத்தரும் சிரிக்காதபடி சொல்லிவிட வேண்டும். மாமா முகம் கொடுத்துப் பேச வேண்டும். அதற்குக் குரல் இறங்கியாக வேண்டும்.

குரலை இறக்க ஊரில் யோசனைக்கா பஞ்சம்? ஒருவர் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் விடிகாலையில் கத்தச் சொன்னார். எல்லாவற்றையும்விட அவனைக் கெடுத்தது பால்சாமியின் காட்டில் இருந்த கிணறு. தண்ணீரைக் கண்டு பல வருசமான பாழுங்கிணறு அது. ஒரு தடவை எட்டிப் பார்த்து "ஓய்" என்றபோது, உள்ளேயிருந்து கருப்பசாமியே பதில் சொன்ன மாதிரி கனத்த குரல் வந்தது. அடடா, இதுதானே என் குரல், இத்தனை நாளாக இங்கே அல்லவா கிடந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். எது வேண்டுமானாலும் ஆழத்தில்தான் கிடக்கும் என்று தண்ணீருக்காகத் தோண்டித் தோண்டியே பழகிப்போன ஊர் இல்லையா, வேறெப்படித் தோன்றும்?

தினமும் காலையில் படி இறங்கிப் போய், நாடியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, அடித்தொண்டையில் "காலமானார், காலமானார்" என்று உறுமினான். மேய வந்த ஆடுகள் தெறித்து ஓடின. உள்ளே கேட்ட குரல் என்னவோ அருமையாகத்தான் இருந்தது. மேலே ஏறி வந்தால் அது கிணற்றோடு நின்றுகொண்டது. ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது, விளிம்பில் பால்சாமி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முடிவதற்குள் கீச்சுக்குரலும் போய் வெறும் காற்றுதான் வந்தது. பாத்திரக்கடைத் திறப்பு விழாவில் "வாங்க" என்றான். அவன் காதுக்கே கேட்கவில்லை.

அவன் மனைவி யுவராணி அன்றைக்கே அவனை மதுரைக்கு இழுத்துப்போனாள். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாண் வீங்கியிருக்கிறது, கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாது என்றார். தன் கல்யாண வாழ்க்கையிலேயே நிம்மதியான நாட்கள் அவைதான் என்று யுவராணி இன்றைக்கும் சொல்லுவாள். வீக்கம் வடிந்ததும் அந்த டாக்டரே, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ரேணுகாதேவி என்கிற அம்மாவிடம் அனுப்பிவைத்தார்.

ரேணுகாதேவி கிணற்றுக் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். நீங்கள் கேட்டது உங்கள் குரல் இல்லை, கிணற்றின் குரல் என்றார். பிறவியில் அமைந்த தொண்டையை யாரும் மாற்ற முடியாது, அழுத்தி அழுத்தி இறக்கினால் புண்தான் மிச்சம். ஆனால் உடுக்கையை இறுக்கிப் பிடித்தால் கீச்சென்றும் பிடியைத் தளர்த்தினால் கும்மென்றும் பேசுகிறதே, அது மாதிரி தளர்த்தப் பழகலாம். இவன் இத்தனை வருசமாகத் தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பேசியிருக்கிறான் என்பதுதான் அவர் கணக்கு. தளர்ந்த குரல் எது என்று இவனுக்குத் தெரியவில்லை. அதற்கும் அவரிடம் வழி இருந்தது.

"வீட்ல இவங்க ஏதாவது சொல்லும்போது, காதுல வாங்காமலே 'ம்ம்'னு ஒண்ணு சொல்லுவீங்கல்ல, அதச் சொல்லுங்க."

சதீஸ்குமார் முழித்தான். யுவராணிக்குப் பொறுக்கவில்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்றாள், வீட்டில் சொல்கிற அதே தோரணையில்.

"ம்ம்" என்றான் அவன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது வேறொரு ஆளின் குரலாக இருந்தது. கிணற்றுக் குரல் மாதிரி மிரட்டவில்லை. ஆனால் அடங்கி, நிதானமாக, வளர்ந்த ஆம்பிளையின் குரலாக இருந்தது. இதுதான் உங்கள் குரல், இத்தனை நாளாக இதை வீட்டம்மாவுக்கு மட்டும் கொடுத்து வைத்திருந்திருக்கிறீர்கள் என்றார் ரேணுகாதேவி. யுவராணி அன்றைக்கு முழுக்க அந்தப் பெருமையில் நடந்தாள்.

அங்கிருந்து பயிற்சி ஆரம்பித்தது. தோளைத் தூக்காமல் வயிறு உப்ப மூச்சு வாங்க வேண்டும். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரிகிற வரைக்கும் "ம்ம்" என்று மெல்ல முனக வேண்டும். கொட்டாவி விடுகிற மாதிரி தொண்டையைத் திறந்து, "ஆ" என்று பெருமூச்சாக இறக்க வேண்டும். செருமக் கூடாது, தொண்டை கரகரத்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மைக்கைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கத்தாமல் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேச வேண்டும், பாதிக் கனத்தை மைக்கே கொடுத்துவிடும். வரியின் கடைசியைத் தூக்காமல் கீழே இறக்கி வைக்க வேண்டும். இந்தக் கடைசிதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. வருசக்கணக்காகத் தூக்கியே பழகிய வாய் ஆயிற்றே.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குரல் கொடுத்தபடியே குமிழி விட வேண்டும் என்பது ஒரு பயிற்சி. அதைப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்தான். பாவம், மைக்செட்டுக்காரனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஊரில் பேச்சு அடிபட்டது. சதீஸ்குமார் தன் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தான். எதிர்வீட்டில் பால்சாமியோடு இருந்த அவர் தங்கை ஒச்சம்மாள்தான் முதலில் கவனித்தாள். அந்தப் பயலுக்குக் குரல் தணிந்திருக்கிறது அண்ணே என்று அவரிடம் போட்டுவைத்தாள். அவர் காதில் விழாத மாதிரி ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டார்.

தெவசத்துக்கு முந்தின நாள் காலையில் சதீஸ்குமார் வீட்டு வாசலில் மைக்செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பால்சாமி தெருவைத் தாண்டி வந்து ஆட்டோவின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏலே, நான் செத்துட்டேன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

"மாமா?"

"கேதம் சொல்லுலே. தேறுனா நாளைக்கு உங்க அத்தைக்கு நீ சொல்லு. இல்லைன்னா அருப்புக்கோட்டைக்காரனுக்குப் போனப் போடுறேன்."

சரி என்று மெதுவாக வாயைத் திறந்தவனை அவர் தடுத்தார். ஹாரனில் போடச் சொன்னார். ஊரே கேட்டுவிடுமே மாமா என்று இவன் பதறினான். கேட்கட்டும், இவர்கள் சிரிக்கிறார்களா இல்லையா என்று நான் பார்க்க வேண்டாமா என்றார் அவர். முகத்தில் சிரிப்பில்லை. விளையாட்டு இல்லை என்பது இவனுக்குப் புரிந்தது.

சதீஸ்குமார் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தான். தோளைத் தளர்த்தினான், வயிறு உப்ப மூச்சு வாங்கினான். அரிசி தீர்ந்துபோச்சு என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டான்.

"பாலவனத்தத்தைச் சேர்ந்த பால்சாமி அவர்கள், இன்று காலை காலமானார் என்பதை, மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஒவ்வொரு வரியும் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. டீக்கடையில் பேச்சு நின்றது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் தலையைத் திருப்பினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பால்சாமி சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் சாவை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ரேஷன் கடைப் பக்கமிருந்து ஒரு ஒப்பாரி கிளம்பியது. ஒச்சம்மாள் பையும் சீனியுமாக, தலைவிரி கோலமாக, "என்னைப் பெத்த அண்ணே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். எந்தப் புண்ணியவானோ அதற்குள் மல்லாங்கிணற்றுச் சொந்தக்காரர்களுக்குப் போனைப் போட்டுவிட்டான். ஓடிவந்த ஒச்சம்மாள் ஆட்டோவுக்குள் அண்ணன் கண் விழித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அழுத வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த சீனிப் பையாலேயே அவரை நாலு சாத்துச் சாத்தினாள்.

அடியை வாங்கிக்கொண்டே பால்சாமி சிரித்தார். ஒரு வருசத்துக்கப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். தெருவில் நின்ற கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், கண் கலங்கியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சதீஸ்குமார் பக்கம் திரும்பி, டீ குடித்தாயா மருமகனே என்று கேட்டார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மல்லாங்கிணற்றுக்காரர்கள் மத்தியானம் மாலையோடு வந்து இறங்கி, உயிரோடு இருந்த மனுஷனைக் கண்டபடி திட்டிவிட்டு, கறிச்சோறு சாப்பிட்டுப் போனார்கள். அந்த மாலையை அத்தையின் படத்துக்குப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் பால்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார, வண்டி மெதுவாகத் தெருவில் போனது. அன்பும் பண்பும் கொண்ட சந்தனம்மாள் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று சதீஸ்குமார் சொன்னான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருசம் சிரித்த பிள்ளைகள்தான். ஊர்க் கடைசி வந்ததும் அவன் மைக்கை அணைத்து, கோவமெல்லாம் போய்விட்டதா மாமா என்று கேட்டான்.

"அன்னைக்குக் கிணத்துக்குள்ள நீ கிடந்து கத்துறதப் பாத்தப்பவே போயிருச்சுலே" என்றார் அவர். "அவளுக்கு ஒழுங்கா ஒருக்காச் சொன்னப்புறம் பேசுவோம்னு இருந்தேன்."

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியத் திருப்புலே. இன்னொருக்காச் சொல்லு."

சதீஸ்குமார் வண்டியைத் திருப்பிக்கொண்டு, அதே தெருவில் மறுபடியும் அத்தையின் பேரைச் சொல்லத் தொடங்கினான்.