டிரினிடாட்டிலிருந்து வந்த பங்காளி

கிட்டார் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையும் சிகரெட்டும் கலந்த ஒரு வாசனை எங்கள் பாலக்கரை வீட்டுக் கூடம் முழுக்கப் பரவியது. அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே, உள்ளே வேறென்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். தெருவில் அதற்குள் அதைத் தூக்கி வந்தவர் 'சிலை கடத்துற ஆள்' ஆகியிருந்தார், ஒரு சாமி சிலையைப் படுக்க வைக்கும் அளவுக்கு அந்தப் பெட்டி நீளமாக இருந்ததுதான் காரணம்.

வந்தவர் பெயர் ரேமண்ட் வீராசாமி. வயது அறுபது இருக்கும். டிரினிடாட் தீவில் பிறந்து, ஜாஸ் கிட்டார் வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தன் தாத்தா வீராசாமியின் சொந்த ஊரைத் தேடித் திருச்சிக்கு வந்திருந்தார். கையில் இருந்த காகிதத்தில் பெயரும் ஜில்லாவும் மட்டுமே இருந்தன; மலைக்கோட்டைக் கடைவீதியில் யாரோ எங்கள் வீட்டைக் கை காட்டி விட்டிருந்தார்கள்.

கை காட்டியதில் தவறில்லை. அப்பாவின் தாத்தாவுக்கு வீராசாமி என்று ஒரு அண்ணன் இருந்து, நாகப்பட்டினம் போய்வருகிறேன் என்று கிளம்பிக் காணாமல் போனது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. காட்டூரில் இருந்த எங்கள் வயலின் பழைய பட்டாவில் அவர் பெயரும் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த பயம்.

ஐந்தாம் வகுப்பில் இருந்தாலும் கான்வென்ட்டில் படித்ததால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பன்னிரண்டு வயதில் கிட்டாரைத் தொட்டது, லண்டனில் பகலில் பஸ் ஓட்டி மாலையில் கிளப்புகளில் வாசித்தது, மூன்று இசைத்தட்டுகள் போட்டது, பாரிஸில் கைதட்டல் வாங்கியது என்று அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அத்தை ஒன்றையும் நம்பவில்லை. "பாட்டு வாசிக்கிறவருக்குக் கறுப்புக் கோட்டு எதுக்கு? சொன்னதையெல்லாம் நோட்டுல வேற எழுதுறாரு. வக்கீலாத்தான் இருப்பாரு," என்றாள். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னாள்: "அந்தக் காட்டூர் நிலம்தான்டி உன் படிப்பு. 'பங்காளி'ன்னு ஒருத்தர் வந்துட்டா பாதி போயிடும். பாத்துப் பேசு."

மறுநாள் சாயங்காலம், அவர் காட்டூர்ப் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகவே அப்பா அவரை எதிர்த்திசையில் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் அவர் யாரோடாவது பேச வாயெடுத்தால் அப்பா உடனே ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டுவார். காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தார். அது என்ன பாட்டு என்று எனக்குப் புரியவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடினமான இடம் வரும்போதெல்லாம் அவர் கீழுதட்டை இடப்பக்கமாகக் கோணிக்கொண்டார். அதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எங்கப்பா சவரம் பண்ணிக்கும்போது இப்படியேதான் வச்சுக்குவாரு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

வாசித்து முடித்தவர், கடைசியாக ஒருமுறை கேட்கிறேன், என் தாத்தா உங்கள் வீட்டு ஆள்தானா என்று என்னிடம் கேட்டார்.

"ஆமான்னு சொல்லும்மா," என்றார் அப்பா. "எங்க தாத்தாவோட அண்ணன்தான். இவரு எனக்கு அண்ணன் முறை, உனக்குப் பெரியப்பான்னு சொல்லு. என்ன வந்தாலும் வரட்டும்."

நான் அவர் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்று அப்பா சொல்கிறார், மன்னிக்கச் சொல்கிறார்.

அவர் தலையாட்டினார். நோட்டில் ஒரு வரியை அடித்தார். உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்று என் கையைக் குலுக்கினார். அப்பா இரண்டு கையையும் பாதி நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்னாரு?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சாம்பா."

அப்பா கடைசி வரை அவரை மன்னிக்கவில்லை. "சொந்தம்னு வாய்விட்டுச் சொல்லியும் ஒரு வார்த்தை பேசல. பெரிய ஆளு ஆயிட்டாருல்ல," என்று சாகிற வருஷம்கூடச் சொன்னார். நானும் ஆமாம் போட்டேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது காட்டூரில் வயல் என்று சொல்ல ஒன்றுமில்லை. விற்றது போக மிஞ்சிய ஒரு மனையில் வீடு கட்டி நான் குடியிருக்கிறேன். சென்ற மாதம் ஏதோ தேடப்போய் இணையத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு கண்ணில் பட்டது. கிளப்புகள், இசைத்தட்டுகள், பாரிஸ், எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன, ஒன்றுகூடப் பொய்யில்லை. முன்னோரைத் தேடித் திருச்சி வரை போனார், யாரும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அவர் இறந்துவிட்டார் என்றும், ஒரு மகள் இருக்கிறாள் என்றும் கீழே போட்டிருந்தது. அவளுடைய மின்னஞ்சலும் இருந்தது.

அன்றே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவருக்குப் போன் செய்து, இத்தனை தலைமுறை கழித்து ஒருவர் வந்து பங்கு கேட்டால் செல்லுமா என்று விசாரித்தேன். "செல்லாதுங்க, பயப்படாதீங்க," என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்த பிறகுதான், 'அன்புள்ள அக்கா' என்று எழுத ஆரம்பித்தேன்.