நங்கூரம் வைத்த ஜீப்

சீனி மரைக்காயரின் மைத்துனர் காசிம் அன்று காலை தாய்சேய் நல விடுதி வாசலில் சைக்கிளை நிறுத்தியபோதே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டுவிட்டது. அந்த வீட்டிலிருந்து என்னைத் தேடி யார் வந்தாலும் ஜீப்பில்தான் வருவார்கள். வண்டி தெருமுனை திரும்பும் முன்பே சுறா எண்ணெய் வாடை வந்து சேர்ந்துவிடும். அன்று வாடையும் இல்லை, ஹாரனும் இல்லை. "மச்சான் மௌத்தாயிட்டாக, நர்சம்மா. சுபுஹு தொழுதுட்டு வந்து உக்காந்தாக, அப்படியே சாஞ்சுட்டாக" என்று சாவுச் செய்தி சொன்னார் காசிம். எடை பார்க்கக் கையில் வைத்திருந்த குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

தொண்டியில் மரைக்காயரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. உங்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு அவர் ஜீப்பில் போனவர்கள். யுத்தத்தில் பர்மா எல்லையில் பட்டாள வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், பட்டாளம் கழித்துப்போட்ட அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்து வாடகைக்கு விட்டார். காலையில் தாலுகா கச்சேரிக்குப் போகிறவர்கள், மத்தியானம் மீன் கூடைகள், முகூர்த்த நாளில் மணமக்கள் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். உப்புக் காற்று இரும்பைத் தின்னாமல் இருக்க, படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயை வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பூசிவைப்பார். பட்டுப்புடவை கட்டிய மணப்பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவருக்கு அதில் வெட்கம் கிடையாது.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது சண்டையில்தான். தொண்டிக்குத் தெற்கே, காரங்காட்டுக்கு அப்பால், அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருக்கிற சவேரியார் குடியிருப்புக்குப் பிரசவம் பார்க்கப் போகவேண்டியிருந்தது. ரோட்டைவிட்டு இறங்கினால் களர் நிலம், அதைத் தாண்டி இரட்டைப்பனை மேடு, பிறகு ஓடை, அதற்கப்புறம் முழங்கால் புதைகிற மணல். எந்த வண்டியும் மேட்டைத் தாண்டிப் போனதில்லை. மரைக்காயர், "நாலு சக்கரமும் இழுக்குற வண்டி நர்சம்மா, உக்காருங்க" என்றார். ஓடைக்கு முன்பே புதைந்தது. மிச்ச வழியை நடந்துபோய்ப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பியவள், இதற்கு மாட்டு வண்டியே மேல் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அந்த வாரமே வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஜீப்புக்கு அவர் செய்யாத வேலை இல்லை. உச்சிப்புளிப் பக்கம் யுத்த காலத்து விமானத் திடலிலிருந்து கழிக்கப்பட்ட அகலமான டயர்களைத் தேடிப் பிடித்து, பட்டறையில் சக்கரத்தை வெட்டி ஒட்டி மாட்டினார். மணலில் இறங்கும்போது டயரின் காற்றைக் குறைத்து விடுவார். ரோட்டுக்கு ஏறியதும் கைப்பம்பால் அடித்து நிரப்புவார். விமானம் இறங்குவதற்காகத் தரையில் விரித்திருந்த ஓட்டை போட்ட இரும்புப் பலகைகள் இரண்டு வாங்கி வந்து பக்கவாட்டில் கட்டினார், புதைகிற இடத்தில் சக்கரத்துக்கு அடியில் போடுவதற்கு. ஓடைத் தண்ணீர் போகாமலிருக்கப் புகைக்குழாயைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்தார். தண்ணீரில் இறங்குமுன் என்ஜின் விசிறியின் பெல்ட்டைக் கழற்றிவிடுவார், இல்லையென்றால் விசிறி தண்ணீரை வாரி இறைத்து என்ஜினை அணைத்துவிடும் என்பார். பின்னால் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சைக்கிள் டியூப் வார்களில் தொங்கவிட்டார், பிள்ளைத்தாய்ச்சிக்குக் குலுக்கல் தெரியக்கூடாது என்று. ஒருமுறை நானே படுத்துப் பார்த்தேன். கண் அசந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் முன்பக்கத்தில் கையால் சுற்றுகிற ஓர் உருளையும், அதில் சுற்றிய படகுக் கயிறும், கயிற்றின் நுனியில் ஒரு நங்கூரமும் வைத்தார். கயிறு கட்ட மரம் இல்லாத வெட்டவெளியில் நங்கூரத்தை மணலில் புதைத்துவிட்டு உருளையைச் சுற்றினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். கடைத்தெருவில் சிரித்தார்கள். அடுத்தது பாய்மரமா என்று கேட்டார்கள். அவர் மனைவி ஆயிஷா, இந்தச் செலவுக்கு ஓர் ஒட்டகமே வாங்கிக் கட்டியிருக்கலாம் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். மரைக்காயரோ, "மணலுக்கு வண்டி பயப்படாது, ஓட்டுறவன்தான் பயப்படுவான்" என்பார். அந்தக் காலத்தில் அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை அது. பிற்பாடு அதை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

ஜீப் சவேரியார் குடியிருப்பின் கோவில் வாசல்வரை போய் நின்ற நாளில் ஜனங்கள் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அங்கே ஒருத்திக்கு வலி எடுத்தால், உடனே அவளை வத்தை என்கிற சிறு படகில் ஏற்றி ஓடை வழியாக இரட்டைப்பனை மேடுவரை கொண்டுவந்து, அங்கிருந்து கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவார்கள். வண்டி வர ஆரம்பித்த பின் அந்த வழக்கம் நின்றுவிட்டது. ஓர் ஆளை மட்டும் ஓடவிட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் பெருமைதான். நல்லபடியாகப் பல பிரசவங்கள் நடந்தன.

அந்த ஐப்பசி மாதத்தை எழுதாமல் மரைக்காயரைப் பற்றி எழுதியதாக ஆகாது. அந்தோணியின் மனைவி ஆரோக்கியத்துக்கு வலி எடுத்துவிட்டதென்று விடியும்போது ஆள் வந்தது. இரவெல்லாம் மழை. வாடைக் காற்று கடலைத் தள்ளிக் கொண்டுவந்து ஓடையில் ஏற்றியிருந்தது. களரைத் தாண்டினோம், இரட்டைப்பனை மேட்டையும் தாண்டினோம். ஓடைக் கரையில் வண்டி கால்வைத்து ஏறும் படி மட்டம்வரை சேற்றில் இறங்கிவிட்டது. இரும்புப் பலகைகளைப் போட்டார், அவை சேற்றுக்குள் போயின. நங்கூரத்தைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு உருளையைச் சுற்றினார், அது சேற்றை உழுதுகொண்டு அவரிடமே திரும்பி வந்தது. மணலுக்காக யோசித்து யோசித்துச் செய்த வண்டி. சேறு வேறு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, இடுப்பளவுத் தண்ணீரிலும் அலையாத்தி வேர்களுக்கு ஊடேயும் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

பிள்ளை பிறந்து அழுதுகொண்டிருந்தது. ஆரோக்கியம் ரத்தம் போய்ப் போயே இறந்திருந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அந்தோணி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரைக்காயரைப் பார்த்து, "வண்டி வரும்னு இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். வாசலில் அவருடைய வத்தை கவிழ்த்துக் கிடந்தது. அதில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்திருந்தால், நாங்கள் மேட்டைத் தாண்டிய நேரத்தில் அவள் எங்கள் கையில் இருந்திருப்பாள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுநாள் குடியிருப்பு ஆண்கள்தான் பனை ஓலை வெட்டிப் போட்டு, வடம் கட்டி ஜீப்பை இழுத்துக் கொடுத்தார்கள். அந்தோணியும் வடம் பிடித்தார். மரைக்காயர் அதைப் பார்க்க முடியாமல் திரும்பி நின்றார். பிறகு கொஞ்ச காலம் வண்டியை எடுக்கவே இல்லை. விற்றுவிடப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனார், நடந்தே. கோவிலைவிட்டு வெளியே வந்தவர்கள் முன்னால் நின்று பேசினார். மேடையில் பேசிப் பழகாத மனிதர். "என் வண்டிய நம்பி இருக்காதீக. வலி எடுத்தா அந்த நிமிசமே வத்தைய எடுங்க. நான் அங்கிட்டிருந்து கிளம்பி வாரேன். மேட்டுல பாப்போம். நீங்க பாதி, நான் பாதி." அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு கிழவர், இனிமேல் வண்டி ஊருக்குள் வராதா என்று கேட்டார். வந்தாலும் வரும், வராமலும் போகும், நீங்கள் கிளம்பிவிட வேண்டும் என்றார் மரைக்காயர்.

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. வண்டியைச் சீர்படுத்துவதை அவர் விடவில்லை. சேற்றுக்கென்று சக்கரத்தில் சுற்றும் சங்கிலி செய்தார், நங்கூரத்துக்கு அகலமான நாக்கு வைத்து அடித்தார். ஆனால் புதிதாக ஒன்றைப் பொருத்தும்போதெல்லாம் குடியிருப்புக்கு ஆள் அனுப்பி, இது இருக்கிறதென்று காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அவருக்கு வேண்டாத வேலை என்று நான் கேலி செய்ததுண்டு. அவர் சிரிக்க மாட்டார். பழைய சிரிப்பு அந்த ஐப்பசியோடு போய்விட்டது. மேட்டில் வத்தையும் ஜீப்பும் சந்தித்த நாட்கள் எத்தனையோ. சில நாள் நாங்கள் முந்துவோம், சில நாள் அவர்கள் முந்தி, களர் விளிம்பில் பனை ஓலை பரப்பி வண்டிக்கு வழி போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அந்தக் குடியிருப்பில் எந்தத் தாயையும் நாங்கள் இழக்கவில்லை.

மரைக்காயரை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தார்கள். ஆண்கள் மையவாடிக்குப் போயிருக்க, நான் வீட்டுக்குள் ஆயிஷாவோடு உட்கார்ந்திருந்தேன். காசிம் திரும்பி வந்ததும் அவர் தலை நிமிர்ந்தார். "குடியிருப்பு ஆளுக வந்தாகளா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றார் காசிம். காலையிலேயே மீன் வண்டியில் சொல்லி அனுப்பியாகிவிட்டதே என்றும் சொன்னார். ஆயிஷா தலையணைக்கு அடியிலிருந்து ஜீப் சாவியை எடுத்து நீட்டினார். "மேட்டுல நிப்பாக. போய்க் கூட்டிட்டு வாங்க."

காசிம் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோட்டைவிட்டு இறங்குமுன் நிறுத்தி டயர் காற்றைக் குறைத்தோம். களர் விளிம்பிலிருந்து புதுப் பனை ஓலை பரப்பிக் கிடந்தது. மேட்டில் நின்றார்கள், ஆணும் பெண்ணுமாகக் குடியிருப்பே நின்றது. ஆரோக்கியம் விட்டுப்போன அந்த மகள் கையில் பூமாலை. ஓடையில் வத்தைகள் வரிசையாகக் கிடந்தன. ஹாரனைக் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணி வண்டிக்கு அருகில் வந்து, ஓட்டுகிற இடத்தில் காசிமைப் பார்த்தார்.

அடக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் ஏறியிருந்தால் முகம் பார்த்திருக்கலாமே என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அந்தோணியே சொன்னார்: "சேதி வந்த ஒடனே கிளம்பிட்டோம் தாயி. அவுக சொன்ன மாதிரி ஒரு நிமிசம் நிக்கல. பாதி வந்துட்டோம். மிச்சத்துக்கு அவுக வருவாகன்னு..." மரைக்காயர் தன் சாவுக்கும் தானே வந்து அழைத்துப் போவார் என்று காலையிலிருந்து நின்றிருக்கிறார்கள். நான் ஜீப்பின் கதவில்லாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தப் பூமாலை ஜீப்பின் நங்கூரத்துக்குத்தான் போடப்பட்டது. முகம் பார்க்கக் கிடைக்காதவர்களுக்கு அது போதுமென்று ஆயிற்று.

ஜீப் இப்போது காசிமிடம் இருக்கிறது. குடியிருப்புக்கு அவர் வருவார் என்றுதான் நம்புகிறேன். மரைக்காயரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. இப்போதெல்லாம் குடியிருப்பிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தால், வண்டி வரட்டும் என்று விடுதி வாசலில் நான் நிற்பதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கே மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.